கேட்டாங்க, சொல்றேன்: கொரியா அரண்மனை எல்லாம் டூப்ளிகேட்டா சார்?

போன மாசம் இந்தப் பகுதியில, நான் கொரியாவுல சுவோன்னு ஒரு ஊர்ல நாலு வருஷம் குப்பை கொட்டின கதையை ரெண்டே ரெண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், சமையல் கேள்வி, பாட்டு கேள்வி எல்லாம் ஓரமா போயிடுச்சு, வந்து குவிஞ்சது பூரா கொரியா கேள்விதான். சீரியல் பாத்து பாத்து எல்லாரும் அங்கேயே குடியிருக்காங்க போல. ஒரே மாதிரி வந்த கேள்விங்களை சேர்த்து பதில் சொல்லியிருக்கேன், விட்டுப்போனவங்க கோவிச்சுக்காதீங்க. பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும்தான் போட்டிருக்கேன்.

சார், ஏப்ரல் லீவுல குடும்பத்தோட சியோல் போயிட்டு வந்தோம். கியோங்போகுங் அரண்மனை 1395ல கட்டினதுன்னு சொன்னாங்க, போய் பாத்தா நேத்துதான் பெயிண்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது. எங்க வீட்டுக்காரர் "இது சினிமா செட்டு, நான் வரல"ன்னு வாசல் பெஞ்ச்லயே உக்காந்துட்டார். நிஜமாவே டூப்ளிகேட்டா? (திருப்பூர் வாசகி)

உங்க வீட்டுக்காரர் சொன்னதுல பாதி உண்மை இருக்கும்மா, ஆனா பெஞ்ச்ல உக்காந்துட்டதால மீதி பாதியை விட்டுட்டார். 1395ல ஜோசொன் வம்சத்தோட முதல் ராஜா தேஜோ கட்டினது ஒண்ணு. அது 1592ல ஜப்பான் படையெடுப்பு வந்தப்ப எரிஞ்சு போச்சு. ராஜா ஊரை விட்டு ஓடிட்டார்னு தெரிஞ்சதும் கோவத்துல ஜனங்களே கொளுத்தினாங்கன்னு அவங்க அரசவைக் குறிப்பே சொல்லுது, இல்ல ஜப்பான்காரன்தான் கொளுத்தினான்னு சொல்றவங்களும் இருக்காங்க. எது எப்படியோ, அதுக்கப்புறம் 270 வருஷம் அந்த இடம் புல்லு முளைச்சு சும்மாவே கிடந்துச்சு. ராஜாக்கள் பக்கத்துல இருக்கிற சாங்தொக்குங் அரண்மனையில குடியிருந்தாங்க. 1860கள்ல கோஜோங் ராஜா சின்னப் பையனா இருந்தப்ப அவரோட அப்பா தெவொன்குன்தான் ராஜ்ஜியத்தை ஓட்டிட்டு இருந்தார், அவர்தான் பணமே இல்லாம, புது வரி போட்டு, ஜனங்க திட்டத் திட்ட, 1867ல திரும்ப கட்டி முடிச்சார்.

அதுவும் நிலைக்கல. 1895 அக்டோபர்ல கோஜோங்கோட ராணியை ஜப்பான் ஆளுங்க இந்த அரண்மனைக்குள்ளயே புகுந்து வெட்டிக் கொன்னாங்க. ராஜா பயந்துபோய் அடுத்த வருஷம் ரஷ்யா தூதரகத்துல தஞ்சம் புகுந்தார். 1910ல நாடே போச்சு. 1915ல ஜப்பான்காரங்க அரண்மனை மைதானத்துல பொருட்காட்சி நடத்தறேன்னு வரிசையா கட்டடங்களை இடிச்சுத் தள்ளினாங்க, அப்புறம் ராஜசபை மண்டபத்துக்கு நேர் முன்னாடி, அதை மறைக்கிற மாதிரியே, 1926ல ஒரு பிரம்மாண்ட கல் கட்டடம் எழுப்பி கவர்னர் ஜெனரல் ஆபீஸ்னு வெச்சாங்க. இப்ப நீங்க பாக்குறதுல நிறைய 1990க்கு அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப கட்டினது, அதான் பெயிண்ட் பளபளக்குது.

ஆனா ராஜசபை நடக்கிற குன்ஜொங்ஜொன் மண்டபமும், குளத்துக்கு நடுவுல 48 கல் தூண் மேல நிக்கிற கியோங்ஹெரு மண்டபமும் 1867ல கட்டின அதே கட்டடம்தான், அதுங்க டூப்ளிகேட் கிடையாது. அடுத்த தடவை போனா குன்ஜொங்ஜொன் முற்றத்துல தலையைக் குனிஞ்சு தரையைப் பாருங்க. கரடுமுரடா, வேணும்னே சரியா செதுக்காத மாதிரி கல் பாவியிருக்கும். வெயில் கண்ணுல அடிக்காம இருக்கவும், தோல் செருப்பு வழுக்காம இருக்கவும் அப்படி விட்டாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன கல் தூண் வரிசையா நிக்கும், எந்தப் பதவிக்காரர் எங்க நிக்கணும்னு அதுல வெட்டியிருக்கு. அங்கங்க தரையில இரும்பு வளையம் ஒண்ணு பதிச்சிருக்கும் பாருங்க, அது எதுக்குன்னா பந்தல் கயிறு கட்ட! நம்ம ஊர் கல்யாண வீட்டு முளைக்குச்சிதான், அங்க நிரந்தரமா கல்லுலயே அடிச்சு வெச்சுட்டாங்க. இதையெல்லாம் பாத்திருந்தா உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்திருப்பார்.

மேல சொன்ன ஜப்பான் கட்டடத்தை இடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுவும் ஒரு வரலாறுதானே, இடிச்சது சரியா? (கும்பகோணம், ரிட்டயர்டு வாத்தியார்)

வாத்தியார் கேள்வி வாத்தியார் கேள்விதான். அங்கேயே இதைப் பத்தி பெரிய சண்டை நடந்துச்சு சார். சுதந்திரம் கிடைச்சப்புறம் அந்தக் கட்டடத்தை அவங்களே அரசாங்க ஆபீஸா வெச்சிருந்தாங்க, 1986ல இருந்து தேசிய மியூசியமே அதுக்குள்ளதான் இருந்துச்சு. சுதந்திரம் கிடைச்சு சரியா 50 வருஷம், 1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அதோட உச்சிக் கோபுரத்தை கிரேன் வெச்சு கழட்டினாங்க, அடுத்த வருஷத்துக்குள்ள மொத்தமும் போச்சு. வரலாறு படிக்கிறவங்க சிலர் வேண்டாம்னாங்க, அப்படியே வேற இடத்துக்கு நகர்த்தலாமேன்னும் பேச்சு வந்துச்சு. எனக்கு இடிச்சதுல வருத்தமில்ல, ஏன்னா அது நின்ன இடம் அப்படி, ஒருத்தர் வீட்டு வாசல்ல குறுக்க சுவர் எழுப்பின மாதிரி. ஆனா அவங்க அந்த உச்சிக் கோபுரத்தை குப்பையில போடல. சொனான் ஊர்ல இருக்கிற சுதந்திர நினைவு மியூசியத்துல, தரை மட்டத்துக்குக் கீழ பள்ளம் வெட்டி அதுல வெச்சிருக்காங்க, பாக்குறவங்க மேல இருந்து குனிஞ்சுதான் பாக்கணும்.

அரண்மனை வாசல் குவாங்ஹ்வாமுன் கதை இன்னும் கூத்து. ஜப்பான்காரன் அதைப் பேத்து வேற பக்கம் வெச்சான், கொரியப் போர்ல மேல் பாகம் எரிஞ்சது, 1968ல அதிபர் பார்க் சங்-ஹீ காலத்துல கான்கிரீட்ல கட்டி, அவர் கையெழுத்துலயே கொரிய எழுத்துல பேர்ப்பலகை மாட்டினாங்க. அந்த கான்கிரீட்டை உடைச்சு, 2010ல மரத்துலயே, பழைய இடத்துலயே கட்டி, வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துன்னு மாட்டினாங்க. மூணு மாசத்துல பலகை வெடிச்சுப் போச்சு! அதுக்கப்புறம் பழைய போட்டோவையும் 1860கள்ல எழுதின கட்டுமான டைரியையும் வெச்சுத் துருவினா, ஒரிஜினல் கறுப்புப் பலகையில தங்க எழுத்தாம். 2023 அக்டோபர்ல அதையும் மாத்திட்டாங்க. நான் முதல்ல எடுத்த போட்டோவுல வெள்ளைப் பலகை, இப்ப போறவங்க போட்டோவுல கறுப்பு.

சியோல்ல நம்தேமுன் கேட்டை ஒரு ஆள் தனியா கொளுத்திட்டாராமே, ஃபயர் சர்வீஸ் என்ன பண்ணிட்டு இருந்தாங்க? (மதுரை)

2008 பிப்ரவரி 10, அவங்க ஊர் புத்தாண்டு லீவு முடியற ராத்திரி. அந்த கேட்டோட முறையான பேர் சுங்னியேமுன், 1398ல கட்டி முடிச்சது, தேசிய பொக்கிஷம் நம்பர் 1னு வெச்சிருந்தாங்க. எழுபது வயசு நெருங்கின ஒரு பெரியவர், தன் நிலத்துக்கு நஷ்டஈடு கம்மியா கொடுத்துட்டாங்கன்னு கோவத்துல, ஏணி போட்டு ஏறி தின்னரை ஊத்திப் பத்த வெச்சுட்டார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு அரண்மனையில நெருப்பு வெச்சு மாட்டினவரும் இவரேதான்.

ஃபயர் சர்வீஸ் சீக்கிரமே வந்துட்டாங்க, தண்ணியும் பீய்ச்சினாங்க, ஒரு கட்டத்துல அணைஞ்சிடுச்சுன்னு கூட நெனைச்சாங்க. சிக்கல் கூரையில. மேல ஓடு, ஓட்டுக்குக் கீழ கனமா மண்ணு, மண்ணுக்குக் கீழ பலகை, அதுக்குக் கீழதான் கைமரம். மழைத் தண்ணி உள்ள இறங்கக் கூடாதுன்னு ஆசாரிங்க அவ்வளவு கவனமா பண்ணின வேலை, ஃபயர் இஞ்சின் தண்ணியையும் உள்ள விடல. பலகைக்கும் கைமரத்துக்கும் நடுவுல நெருப்பு ஓடிட்டே இருந்துச்சு, நடுராத்திரி தாண்டி மேல் மாடி சரிஞ்சு விழுந்துச்சு. டிவியில லைவா பாத்து அழுதவங்களை எனக்கே தெரியும். பேர்ப்பலகையை மட்டும் ஆளுங்க கழட்டி கீழ தள்ளிவிட்டு காப்பாத்திட்டாங்க. கீழ் மாடி பெரும்பாலும் தப்பிச்சது. அஞ்சு வருஷம் கழிச்சு, 2013 மே மாசம், பழைய முறையில உளி வெச்சு கல் கொத்தி, கையால ஓடு சுட்டு திரும்ப திறந்தாங்க, திறந்த கொஞ்ச மாசத்துலயே புதுப் பெயிண்ட் உரிய ஆரம்பிச்சு அதுவும் ஒரு ஊழல் கேஸா கோர்ட் வரைக்கும் போச்சு. எல்லா ஊர்லயும் கான்ட்ராக்ட் வேலை கான்ட்ராக்ட் வேலைதான்.

ட்ரான்சிட்ல ஒரே ஒரு நாள்தான் கிடைக்குது சார். சியோல்ல இருக்கவா, வேற எங்கயாவது போகவா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. (கோயம்புத்தூர்)

என்கிட்ட கேட்டா வேற என்ன சொல்வேன் தம்பி, சுவோன்தான். சியோல்ல இருந்து மெட்ரோ ட்ரெயின்லயே ஒரு மணி நேரம் சொச்சத்துல போயிடலாம். அங்க ஹ்வாசொங் கோட்டை இருக்கு, ஊரைச் சுத்தி 5.7 கிலோமீட்டர் மதில், நடந்தே சுத்தி வந்துடலாம். வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் அதுமேல நடக்கிறதுதான் எனக்கு ஒரே பொழுதுபோக்கு.

கதை கேளுங்க. யோங்ஜோன்னு ஒரு ராஜா, அவருக்கும் பட்டத்து இளவரசர் சாதோவுக்கும் ஆகல. பையனுக்கு புத்தி பேதலிச்சிருச்சு, ஆளுங்களைக் கொல்றார்னு குற்றச்சாட்டு. 1762ல, சுட்டெரிக்கிற வெயில் காலத்துல, அப்பா ராஜா சொந்த மகனை அரிசி போடுற மரப்பெட்டிக்குள்ள இறங்கச் சொல்லி மூடிட்டார். எட்டாவது நாள் செத்துப் போனார். அப்ப சாதோவோட பையனுக்கு பத்து வயசு, தாத்தா கால்ல விழுந்து கெஞ்சியிருக்கான், நடக்கல. அந்தப் பையன்தான் 1776ல ஜொங்ஜோன்னு ராஜாவானான். வந்ததும் சபையில சொன்ன முதல் பேச்சே "நான் சாதோவோட மகன்"ங்கிறதுதான்னு பதிவாகியிருக்கு. அப்பாவோட சமாதியை 1789ல சுவோன் பக்கம் மாத்தினார், அங்க இருந்த ஊரைக் கிளப்பி புது ஊர் அமைச்சார், அதைச் சுத்தி 1794ல கோட்டை கட்ட ஆரம்பிச்சார். பத்து வருஷம் ஆகும்னு போட்ட கணக்கு, மூணு வருஷம்கூட ஆகாம 1796ல முடிஞ்சிருச்சு.

எப்படின்னா, ஜொங் யாக்-யோங்னு ஒரு அதிகாரி, முப்பதுகூட தாண்டாத ஆள், கப்பி வெச்சு பாறையைத் தூக்குற பளுதூக்கி மெஷினை வடிவமைச்சார். இன்னொண்ணு, வேலைக்காரங்களுக்கு கூலி கொடுத்தாங்க. அந்தக் காலத்துல ராஜா வேலைன்னா ஊருக்கு இத்தனை ஆள்னு இழுத்துட்டு வந்து இலவசமா வேலை வாங்குறதுதான் வழக்கம், இங்க கூலி. 1794 வெயில் காலத்துல ஆளுங்க சுருண்டு விழறாங்கன்னு ராஜாவே வெயில் மாத்திரை செஞ்சு அனுப்பியிருக்கார். இதெல்லாம் எப்படித் தெரியும்? கட்டி முடிச்சதும் ஒரு கணக்குப் புத்தகம் போட்டாங்க, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை ஆணி, என்ன விலை, எந்தக் கொத்தனார் எந்த ஊர், எத்தனை நாள் வேலை பாத்தார், அரை நாள் வேலைகூட விடாம எழுதி வெச்சிருக்காங்க. அதுல கௌரவமான பேர் இல்லாத ஏழை ஆளுங்களோட பேரும் இருக்கு, "பெரியவன்", "சின்னவன்"னு வீட்டுல கூப்பிடுவாங்கல்ல, அந்த மாதிரி பேரையே அப்படியே எழுதியிருக்காங்க. நம்ம ஊர்லயும் பெரிய கோயில் கல்வெட்டுல, கோயில்ல ஆடின தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை வீட்டு நம்பரோட வெட்டி வெச்சிருக்காரே ராஜராஜன், அதைப் படிக்கிறப்ப வர்ற அதே சிலிர்ப்பு.

இந்தப் புத்தகம்தான் பின்னாடி கோட்டையைக் காப்பாத்துச்சு. கொரியப் போர்ல குண்டு விழுந்து நிறைய பாகம் சிதைஞ்சு போச்சு. 1970கள்ல திரும்ப கட்டறப்ப அந்தக் கணக்கும் படமும் கையில இருந்ததால கல்லுக்கு கல்லு அப்படியே கட்ட முடிஞ்சுது, 1997ல யுனெஸ்கோவும் பட்டியல்ல சேர்த்துக்கிச்சு. முதல் கேள்வி கேட்ட திருப்பூர் அம்மாவுக்கும் இது பதில்தான்.

நடக்க ஆரம்பிக்கிறதா இருந்தா வடக்கு வாசல் ஜாங்கான்முன்ல ஆரம்பிங்க, அங்கிருந்து கிழக்க போனா ஏழு கண் வெச்ச ஹ்வாஹொங்முன் தண்ணி வாசல் வரும், ஓடை அதுக்கடியில ஓடும். பக்கத்துல குளக்கரையில ஒரு மண்டபம், சாயங்காலம் பாய் விரிச்சு கோழி வறுவலோட உக்காந்திருப்பாங்க பசங்க. தெற்கு வாசல் பல்தால்முன் கிட்ட மதில் திடீர்னு அறுந்து போகும், மார்க்கெட்டும் கடையும் நடுவுல பூந்துடுச்சு, வாசல் மட்டும் ட்ராஃபிக் ரவுண்டானா நடுவுல தனியா நிக்குது. பயப்படாதீங்க, மார்க்கெட்டைத் தாண்டினா மதில் திரும்ப கிடைக்கும், அங்கிருந்து மலை மேல ஏத்தம், கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இன்னொண்ணு. 1795ல ஜொங்ஜோ தன் அம்மாவை சியோல்ல இருந்து இங்க கூட்டிட்டு வந்து எட்டு நாள் பயணமா கொண்டாடினார், அம்மாவுக்கு அறுபது வயசு நிறைஞ்சதுக்கு. செத்துப்போன அப்பாவுக்கும் அதே வருஷம்தான் அறுபது. நம்ம ஊரா இருந்தா அறுபதாம் கல்யாணம் பண்ணியிருக்கணும், அங்க அம்மா மட்டும் தனியா உக்காந்திருந்தாங்க.

கொரியாவோட முதல் ராணி தமிழச்சின்னு வாட்ஸ்அப்ல வருது. கன்னியாகுமரி பக்கம் ஆய் நாட்டுப் பொண்ணாம். உண்மையா? அம்மா அப்பான்னு அவங்களும் சொல்றாங்களே! (நாகர்கோவில், காலேஜ் ஸ்டூடண்ட், இதே கேள்வி இன்னும் பதினோரு பேர்)

இது வரும்னு தெரியும். அடி வாங்குறதுக்கு ரெடியாதான் இருக்கேன்.

முதல்ல எங்க எழுதியிருக்குன்னு பாப்போம். 13ம் நூற்றாண்டுல இர்யொன்னு ஒரு புத்த பிட்சு தொகுத்த சம்குக் யூசா நூல்லதான் இந்தக் கதை வருது. கி.பி. 48ல அயுதா நாட்டு இளவரசி, பதினாறு வயசு, சிவப்புப் பாய் கட்டின கப்பல்ல வந்து இறங்கி, காயா நாட்டு ராஜா சூரோவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, பேர் ஹொ ஹ்வாங்-ஓக். கவனிங்க, சம்பவம் நடந்ததா சொல்றதுக்கும் எழுதினதுக்கும் நடுவுல 1200 வருஷம். அவங்க "கொரியாவோட முதல் ராணி"யும் இல்ல, காயாங்கிறது தெற்கு ஓரத்துல இருந்த சின்ன நாடு.

அயுதான்னா அயோத்தின்னு நிறைய பேர் சொல்றாங்க, 2001ல கொரியாக்காரங்க அயோத்தியில நினைவுச்சின்னமே வெச்சாங்க, அப்புறம் அது பெரிய பூங்கா ஆச்சு, 2018 தீபாவளிக்கு கொரிய அதிபர் மனைவியே வந்துட்டுப் போனாங்க. நம்ம ஆளுங்க ஆய் நாடுன்னு சொல்றாங்க. ரெண்டுக்குமே பேர் ஒத்துப்போறதைத் தவிர கைல பிடிக்கிற மாதிரி கல்வெட்டோ காசோ இல்ல. அம்மா, அப்பா, நான் - நா, நாள் - நல், புல் - புல், வாக்கிய அமைப்பும் நம்மளை மாதிரியே வினைச்சொல் கடைசியில, எல்லாம் சரிதான், எனக்கே அங்க பேச்சு கத்துக்க அதுதான் சுலபமாக்கிச்சு. ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழி இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். ஆனா இன்னைக்கு மொழியியல் படிச்சவங்க இதை உறவுன்னு ஏத்துக்கல. அம்மா அப்பா மாதிரி சத்தம் உலகத்துல பாதி மொழியில இருக்கு, குழந்தை வாயில முதல்ல வர்ற சத்தமே அதுதானே. பத்து வார்த்தை ஒத்துப்போச்சுன்னா பத்தாயிரம் வார்த்தை ஒத்துப்போகலயே, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

ஆனா தம்பி, அதுக்காக கிம்ஹே ஊருக்கு போகாம இருந்துடாதீங்க. புசான்ல இருந்து லைட் ரெயில்ல போயிடலாம். சூரோ ராஜா சமாதி ஊருக்குள்ள, ராணி சமாதி கொஞ்சம் தள்ளி மேட்டுல, பச்சைப் புல்லு மூடின பெரிய மண் மேடு. அங்கேயே ஒரு சின்னக் கல் அடுக்கு இருக்கு, பாசா கோபுரம்னு பேர். கடல் கொந்தளிச்சு கப்பல் திரும்பினப்ப, அப்பா கொடுத்தனுப்பி கப்பல்ல ஏத்திட்டு வந்த கல்லுன்னு கதை. கொரியாவுல மத்த இடத்துல பாக்குற கோபுரம் மாதிரி நேர்த்தியே கிடையாது, மழுங்கிப்போய், லேசா செவந்த நிறத்துல, ஒண்ணு மேல ஒண்ணு குண்டுக்கல்லா வெச்ச மாதிரி இருக்கும்.

இந்தக் கதையை அவங்க எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறாங்கன்னா, சூரோ ராஜா வம்சம்னு சொல்லிக்கிற கிம்ஹே கிம் குலம்தான் நாட்டுலயே பெருசு. ராணி தன்னோட ரெண்டு மகன்களுக்கு தன் குடும்பப் பேரைக் கேட்டு வாங்கினாளாம், அவங்க வழி கிம்ஹே ஹொ குலம். இந்த ரெண்டு குலமும் தங்களுக்குள்ள பொண்ணு எடுத்து பொண்ணு கொடுக்க மாட்டாங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சாலும் பங்காளி பங்காளிதான்! என்னோட ஆபீஸ்ல ஒரு கிம்ஹே கிம் இருந்தார், நான் இந்தியான்னு தெரிஞ்ச அன்னைக்கே "நீங்க எங்க பாட்டி ஊரு"ன்னு சொல்லி சோறு வாங்கிக் கொடுத்தார். பாட்டி தமிழா இல்லையான்னு அப்ப நான் விசாரிக்கல.

பசங்களோட போறோம், அரண்மனையைப் பாத்தா ரெண்டும் கொட்டாவி விடுது. அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி பழைய ஊர் எதுவும்? (சேலம்)

கியோங்ஜு. சியோல்ல இருந்து வேக ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம். சில்லா ராஜாக்களோட தலைநகரமா ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இருந்த ஊர். ஊர் நடுவுல பச்சைக் குன்னு குன்னா நிக்கும், குன்னு இல்ல, அத்தனையும் சமாதி. சைக்கிள் வாடகைக்கு எடுத்து பசங்களை விட்டுடுங்க, மேல ஏற மட்டும் விடாதீங்க, அபராதம் போடுவாங்க. ஒரு சமாதிக்கு உள்ளயே போய் பாக்கலாம், பறக்கும் குதிரைப் படம் கிடைச்சதால அதுக்குப் பேர் சொன்மாச்சொங், 1973ல தோண்டினது.

பக்கத்துலயே சொம்சொங்தே, 9 மீட்டர் உயரத்துல ஒரு கல் ஜாடி மாதிரி நிக்கும். 7ம் நூற்றாண்டுல சொந்தொக் ராணி காலத்துல நட்சத்திரம் பாக்க கட்டினதுன்னு சொல்றாங்க. 2016ல அந்த ஊர்ல 5.8 அளவுல நிலநடுக்கம் வந்தப்ப லேசா சாய்ஞ்சதோட சரி, விழல.

பசங்களுக்கு நிஜமா பிடிக்கப் போறது ராத்திரி வொல்ஜி குளம். அரண்மனைக் குளம், லைட் போட்டா மண்டபம் அப்படியே தண்ணியில தெரியும். 1975ல இந்தக் குளத்தை வத்த வெச்சு தோண்டினப்ப சேத்துக்குள்ள மரத்துல ஒரு தாயக்கட்டை கிடைச்சது, 14 பக்கம் இருக்கு, ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு தண்டனை, சில்லா காலத்து பெரிய மனுஷங்க சரக்கடிக்கிறப்ப உருட்டியிருக்காங்க. "மூணு டம்ளர் ஒரே மூச்சுல குடி", "பாட்டு இல்லாம ஆடு" இப்படி. ஆயிரம் வருஷத்துக்கும் மேல சேத்துல பத்திரமா கிடந்த சாமான், வெளிய எடுத்து ஈரம் காய வைக்கிறேன்னு மெஷின்ல வெச்சப்ப சூடு அதிகமாகி கருகிப் போச்சு! இப்ப மியூசியத்துல இருக்கறது நகல், கடையில சாவிக்கொத்து, பன்னு, எல்லாமே அந்த வடிவத்துல விக்கிறாங்க. (நான் வாங்கின தாயக்கட்டையில முதல் தடவையே "பாட்டு இல்லாம ஆடு"தான் விழுந்துச்சு, ஆடல.)

புல்குக்சா கோயிலும் அங்கதான், அங்க இருக்கிற ஒரு கல் கோபுரம்தான் அவங்க ஊர் 10 வொன் காசுல இருக்கு, காசைக் கையில வெச்சு ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. மலை மேல சொக்குராம் குகையில கருங்கல் புத்தர், 8ம் நூற்றாண்டு வேலை, கண்ணாடிக்குப் பின்னாடி இருந்துதான் பாக்க முடியும். 1910கள்ல ஜப்பான் இஞ்சினியர்ங்க நல்லது பண்றேன்னு சுத்தி சிமெண்ட் பூசினாங்க, கல் மூச்சு விட முடியாம உள்ள ஈரம் கோத்துக்கிச்சு, இன்னைக்கு வரைக்கும் மெஷின் போட்டு ஈரத்தை உறிஞ்சிட்டு இருக்காங்க.

எல்லாத்தையும் திரும்ப கட்டினது, நகல்னே சொல்றீங்களே. கைபடாத பழசு ஒண்ணுகூட இல்லையா? (யாழ்ப்பாணம்)

இருக்கு. கயாசான் மலையில ஹேயின்சா கோயில். மங்கோலியர் படையெடுத்து வந்தப்ப, புத்தர் காப்பாத்துவார்னு நம்பி, 13ம் நூற்றாண்டுல புத்த மத நூல் தொகுப்பான திரிபிடகம் பூராவையும் மரப்பலகையில ரெண்டு பக்கமும் செதுக்கினாங்க. எண்பதாயிரத்துக்கு மேல பலகை, எழுத்துப் பிழை தேடித்தான் கண்டுபிடிக்கணும்ங்கிற அளவுக்கு சுத்தமான வேலை. அந்தப் பலகைங்க இன்னைக்கும் அப்படியே இருக்கு, புழு அரிக்கல, வளையல.

காரணம் அதை வெச்சிருக்கிற 15ம் நூற்றாண்டு மரக் கொட்டகை. ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. முன்பக்கச் சுவர்ல கீழ ஜன்னல் பெருசு, மேல சின்னது. பின்பக்கம் அப்படியே தலைகீழ், மேல பெருசு, கீழ சின்னது. காத்து கீழ புகுந்து உள்ள ஒரு சுத்து சுத்தி மேல வழியா வெளிய போகும். தரையில கரி, உப்பு, சுண்ணாம்பு, மண் போட்டு இடிச்சிருக்காங்க, மழைக்காலத்துல ஈரத்தை இழுத்துக்கும், வெயில்ல விட்டுக்கொடுக்கும். 1970கள்ல அரசாங்கம் இதைவிட பத்திரமா வைக்கிறோம்னு புதுசா கான்கிரீட் கட்டடம் கட்டி, கொஞ்சம் பலகையை சோதனைக்கு வெச்சுப் பாத்தாங்க, ஈரம் கோத்து வளைய ஆரம்பிச்சதும் கப்சிப்னு பழைய கொட்டகைக்கே கொண்டு வந்துட்டாங்க.

1951ல போர் நடந்தப்ப இந்த மலையில ஒளிஞ்சிருக்கிற கெரில்லாக்கள் மேல குண்டு போடச் சொல்லி விமானப்படைக்கு உத்தரவு வந்துச்சு. கிம் யோங்-ஹ்வான்ங்கிற கொரிய அதிகாரிதான் அந்த விமானங்களுக்கு லீடர், கோயில் மேல குண்டு போடாதீங்கன்னு தன் ஆளுங்களுக்கு சொல்லிட்டார். உத்தரவை மீறினதுக்கு பதில் சொல்ல வேண்டி வந்துச்சு அவருக்கு. கோயில்ல அவருக்கு நினைவுக் கல் இருக்கு, போனா ஒரு நிமிஷம் நில்லுங்க. தேகு ஊர்ல இருந்து பஸ், ஒன்றரை மணி நேரம்.

வட கொரியா பார்டரை கிட்டத்துல பாக்கலாமா? பயமா இருக்குமா? (சென்னை, ஸ்ரீபெரும்புதூர்ல கொரியக் கம்பெனியில வேலை பாக்குறேன்)

உங்க மேனேஜரையே கேட்டிருக்கலாமே! பயமெல்லாம் இல்ல, டூரிஸ்ட் பஸ்ல நொறுக்குத் தீனி தின்னுட்டே போவாங்க. 1953 ஜூலை 27 போர் நிறுத்தம் ஆனப்ப 4 கிலோமீட்டர் அகலத்துக்கு நாட்டுக்கு குறுக்க ஒரு கோடு போட்டு விட்டது அப்படியே இருக்கு. டூர்ல புக் பண்ணி பாஸ்போர்ட்டோட போகணும். பார்க்க வேண்டியது மூணாவது சுரங்கம், 1978ல கண்டுபிடிச்சது, தரைக்குக் கீழ 73 மீட்டர்ல வடக்குல இருந்து தோண்டிட்டு வந்திருக்காங்க. மாட்டினதும் "இது எங்க நிலக்கரிச் சுரங்கம்"னு சாதிக்கிறதுக்காக சுவர்ல கரியைப் பூசிட்டாங்க, கருங்கல்லு மேல! அந்தக் கரி இப்பவும் கையில ஒட்டும். இறங்குறது சுலபம், ஏறுறப்ப முட்டி கழண்டுடும், உயரமான ஆளுங்க ஹெல்மெட்டை நம்பித்தான் நடக்கணும்.

சீரியல்ல வர்ற மாதிரி பழைய ஓட்டு வீட்டுத் தெருவுல ராத்திரி நடக்க ஆசை. புக்சொன் கிராமம் போகலாமா? (புதுச்சேரி)

ராத்திரி வேண்டாம்மா. அது செட்டு இல்ல, ஜனங்க குடியிருக்கிற தெரு, வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்து எடுத்து நிறைய பேர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. 2025 மார்ச்ல இருந்து அங்க முக்கியமான தெருவுல சாயங்காலம் 5 மணிக்கு மேல, காலைல 10 மணி வரைக்கும் டூரிஸ்ட் நுழைஞ்சா ஒரு லட்சம் வொன் ஃபைன். சரியான வேலைன்னுதான் நான் சொல்வேன். பகல்ல போங்க, மெதுவா பேசுங்க. பாவாடை மாதிரி அந்த ஹன்போக் டிரெஸ்ஸை வாடகைக்கு எடுத்தா அரண்மனைக்கு டிக்கெட் இல்லாம விடுவாங்க, கியோங்போகுங் செவ்வாய்க்கிழமை லீவு, சாங்தொக்குங் திங்கள் லீவு, பாத்துக்கோங்க.

சைவம் கிடைக்குமா? (மயிலாப்பூர், திருநெல்வேலி, கனடா, இன்னும் நிறைய பேர்)

கிடைக்கும், ஆனா "சைவம்"னு சொன்னா அவங்க மாட்டுக்கறியை மட்டும் எடுத்துட்டு மீன் தண்ணி ஊத்துவாங்க. அவங்க ஊறுகாய் மாதிரி சாப்பிடுற கிம்ச்சியிலயே இறால், மீன் சாறு இருக்கும். பிபிம்பாப்னு காய்கறி போட்ட கலவைச் சோறு இருக்கு, அதைக் கேட்டு முட்டை, கறி வேண்டாம்னு தனித்தனியா சொல்லுங்க, கூட வர்ற சூப்பைத் தொடாதீங்க. பெரிய கோயில்கள்ல ஒரு நாள் தங்கிப் பாக்குற ஏற்பாடு இருக்கு, அங்க சாப்பாடு சுத்த சைவம், வெங்காயம் பூண்டு கூட கிடையாது, ஆனா தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. வழி தேட கூகுள் மேப்பை நம்பிப் போய் நடுத்தெருவுல நிக்காதீங்க, கொரியாக்காரங்களோட நேவர் மேப் ஆப்பைப் போட்டுக்கோங்க. ஊறுகாய் பாட்டிலை ரெண்டு கவர் சுத்தி பெரிய பெட்டியில வைங்க, கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல பிடுங்கி குப்பையில போட்டுடுவாங்க, என்னோட மாவடு அப்படித்தான் போச்சு.